தளமேசை அளவை: ஓர் அறிமுகம்

முன்னுரை

நிலத்தை அளத்தலும் அளந்ததை எழுதி வைத்தலும் தமிழர்க்குப் புதியன அல்ல. அரண்மனை அமைப்போர் நண்பகல் வேளையில் கோல்களின் நிழல் நோக்கித் திசை துணிந்து, நூல் பிடித்து மனை வகுத்த செய்தியை நெடுநல்வாடை தருகிறது. முதலாம் இராசராசன் காலத்தில் நிலங்கள் அளக்கப்பட்டு, வேலியின் மிக நுண்ணிய பின்னங்கள் வரை கணக்கிடப்பட்டமையைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. ஆயினும் அவ்வளவுகள் எழுத்தாகவே நின்றன. நிலத்தின்மேல் நின்றவாறே அதனைப் படமாக்கும் கலை பிற்காலத்தது. அக்கலைகளுள் எளியதும் தெளிவானதும் தளமேசை அளவை ஆகும்.

மொழியும் இலக்கியமும் பயில்வார்க்கு இஃது எதற்கு எனச் சிலர் வினவலாம். பாகப்பிரிவினைப் பத்திரமும் புலப்படமும் ஒருநாள் நம் ஒவ்வொருவர் கைக்கும் வரக்கூடும். எல்லை எதுவெனத் தெளியாமல் உடன்பிறந்தார் வழக்காடுவதை ஊர்தோறும் காண்கிறோம். வரைபடம் பிறக்கும் முறையை அறிந்தவரே அதனை எந்த அளவு நம்பலாம் என்பதையும் அறிவார். அவ்வறிவுக்குத் துணையாக இக்கட்டுரை அமைகிறது.

கருவிகள்

இதற்கு வேண்டிய கருவிகள் சிலவே. முக்காலியின்மேல் சுழலுமாறு பொருத்தப்பட்ட வரைபலகை முதன்மையானது. அதனை மட்டப்படுத்தக் கொத்தனார் கையாளும் ரசமட்டமும், பலகையில் குறித்த புள்ளியைத் தரையிலுள்ள புள்ளிக்கு நேர் மேலே கொணரத் தூக்குக்குண்டும் உதவும். வடக்கு அறியக் காந்த ஊசிப் பெட்டி ஒன்று உண்டு. இவற்றோடு, இரு முனைகளிலும் பார்வைத் தகடுகள் நிமிர்ந்து நிற்கும் நோக்குகோல் ஒன்றும் வேண்டும். அதன் விளிம்பை ஒட்டியே கோடு வரையப்படும்.

இந்நோக்குகோலை ஆங்கில நூல்கள் ‘அலிடேடு’ என்னும். இச்சொல் ‘அல்-இளாதா’ என்னும் அரபுச் சொல்லின் திரிபு ஆகும். விண்மீன்களின் உயரம் காணும் அஸ்தர்லாப் என்னும் கருவியில் சுழன்ற கோலுக்கு அப்பெயர் வழங்கியது. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அல்பிரூனி மலையுச்சியொன்றிலிருந்து தொடுவானத்தின் தாழ்வுக் கோணத்தை அளந்து, நிலவுலகின் ஆரத்தைக் கணித்தார். இராசராசனின் அளவைக்கும் அவருடைய கணக்குக்கும் இடைவெளி ஒரு தலைமுறையளவே என்பது எண்ணி மகிழத்தக்கது.

மேசையை நிறுத்தும் முறை

மேசையை நிறுத்துவதில் மூன்று செயல்கள் உள. அவை மட்டப்படுத்தல், மையப்படுத்தல், திசைப்படுத்தல் என்பன. இவற்றுள் எது தலையாயது என்பதை ஒரு கணக்கால் அறியலாம்.

10 மீட்டரை 1 சென்டிமீட்டராகச் சுருக்கி வரைவதாகக் கொள்வோம். அதாவது நிலம் தாளில் ஆயிரத்தில் ஒரு பங்காகிறது. மேசை தன் மையத்திலிருந்து 10 சென்டிமீட்டர் விலகி நின்றாலும், தாளில் அப்பிழை 0.1 மில்லிமீட்டரே ஆகும். கூரிய பென்சில் கோட்டுக்குள் அது மறைந்துவிடும். ஆனால் திசையில் ஒரு பாகை பிழைத்தால், 100 மீட்டர் தொலைவிலுள்ள எல்லைக்கல் தன் இடத்திலிருந்து ஏறத்தாழ 1¾ மீட்டர் நகர்ந்துவிடும். இரு வீடுகளுக்கு இடைப்பட்ட சந்து ஒன்று அப்பிழைக்குள் அடங்கிவிடலாம். எனவே நிற்கும் இடத்தில் நேரும் சிறு பிழையைத் தாள் பொறுத்துக்கொள்ளும். நோக்கும் திசையில் நேரும் பிழையை அது பொறுக்காது.

அளக்கும் முறைகள்

முதலாவது கதிர் முறை. திடலின் நடுவே மேசையை நிறுத்தி, ஒவ்வொரு மூலையையும் நோக்கிக் கதிர்க்கோடு வரைந்து, தொலைவைச் சங்கிலியாலோ நாடாவாலோ அளந்து, அளவுத்திட்டப்படி குறித்துவிடலாம். சிறு மனைகளுக்கு இது போதும்.

இரண்டாவது வெட்டு முறை. அ, ஆ என இரு நிலையங்களைத் தேர்ந்து, அவற்றின் இடைத்தூரத்தை மட்டும் அளப்பர். அது 100 மீட்டர் எனில் தாளில் 10 சென்டிமீட்டர் கோடாகும். ‘அ’வில் நின்று பள்ளிவாசல் மினாராவையும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியையும் நோக்கிக் கோடுகள் வரைவர். பின்னர் ‘ஆ’வுக்குச் சென்று அவற்றையே மீண்டும் நோக்கி வரைவர். கோடுகள் வெட்டும் புள்ளிகளே அவற்றின் இடங்கள். சென்று அடைய இயலாத பொருளையும் இவ்வாறு படத்துள் கொணரலாம். வெட்டும் கோணம் மிகக் கூரியதாயின் புள்ளி தெளிவுறாது.

மூன்றாவது தொடர் முறை. சாலை, வாய்க்கால் போன்றவற்றை நிலையம் நிலையமாகச் சென்று வரைதற்கு இது உரியது.

நான்காவது பின்வெட்டு முறை. நாம் நிற்கும் இடமே தெரியாதபோது, படத்தில் முன்னரே இடம்பெற்ற மூன்று பொருள்களை நோக்கி நம் இடத்தை அறிவது இது. சூரமங்கலத்துச் சமவெளியில் நிற்பார்க்கு வடகிழக்கே சேர்வராயன் மலையும், தென்மேற்கே கஞ்சமலையும், தென்கிழக்கே ஜருகுமலையும் இயற்கை தந்த குறிகள். மூன்று கோடுகளும் ஒரு புள்ளியில் கூடினால் திசை சரி. கூடாமல் சிறு முக்கோணமாயின், மேசையைச் சற்றே திருப்பி அது மறையும்வரை திருத்துதல் வேண்டும்.

கஞ்சமலையும் காந்த ஊசியும்

இரண்டாம் நிலையத்தில் மேசையை எவ்வாறு திசைப்படுத்துவது? காந்த ஊசியைக் கொண்டு செய்வது விரைவானது. ஆனால் நம் பகுதியில் அதற்கு ஓர் இடர் உண்டு. கஞ்சமலை காந்தத் தன்மை மிக்க இரும்புத் தாது செறிந்த மலை. அத்தகைய தாதுவின் அருகிலும், தண்டவாளங்கள் பலவாகச் செல்லும் சேலம் சந்திப்பின் அருகிலும் ஊசி உண்மை வடக்கைவிட்டு விலகக்கூடும். ஊசி அசையாது நிற்பதால் அது மெய் சொல்வதாகாது.

ஆகவே பின்னோக்கு முறையே சிறந்தது. ‘ஆ’வில் நின்று, தாளிலுள்ள ஆ-அ கோட்டின்மேல் நோக்குகோலை வைத்து, விட்டு வந்த ‘அ’ நிலையத்தின் கம்பம் பார்வையில் படும்வரை பலகையைத் திருப்பிப் பூட்டுவர். அப்பொழுது பலகை முதல் நிலையத்தில் எத்திசையில் நின்றதோ அத்திசையிலேயே மீண்டும் நிற்கும். வந்த இடத்தைத் திரும்பிப் பார்த்த பின்னரே முன்னே நோக்குதல் என்பது இதன் விதி.

வரலாற்றில் தளமேசை

ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டில் வழக்குக்கு வந்த இக்கருவியை, 1590ஆம் ஆண்டளவில் பிரிட்டோரியசு செம்மைப்படுத்தினார் என்பர். தமிழகத்தில் 1794இல் மைக்கேல் டாப்பிங் எட்டு மாணவர்களுடன் சென்னையில் நில அளவைப் பள்ளி தொடங்கினார். கிண்டிப் பொறியியல் கல்லூரியின் தொடக்கம் அதுவே. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் பெற்ற சேலம், பாராமகால் பகுதிகள் அலெக்சாண்டர் ரீடு தலைமையில் வரி விதிப்புக்காக அளக்கப்பட்டன. 1802இல் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து பெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். அம்முக்கோணங்கள் எலும்புக்கூடு எனில், ஊரும் ஏரியும் வழியும் வரைந்து அதற்குத் தசை சேர்த்ததில் தளமேசைக்குப் பெரும்பங்கு உண்டு. ஓலைச்சுவடிகளைத் திரட்டித் தமிழுலகு மறவாத காலின் மெக்கன்சியும் நில அளவையாளரே. 1815இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளர் ஆனார்.

நிறையும் குறையும்

கண்முன் நிலமும் கைக்கீழ்ப் படமும் ஒருங்கே இருத்தலால், விடுபட்டதும் பிழைபட்டதும் அவ்விடத்திலேயே தெரியும் என்பது இதன் சிறப்பு. மழையில் தாள் நனையும் என்பதும், அளவுகள் எண்ணாக எழுதப்படாமையால் பின்னர்ச் சரிபார்க்க இயலாது என்பதும் குறைகள். எல்லை வழக்குக்குச் சான்றாக எண்ணே வேண்டும். அதனால்தான் வருவாய்த் துறையின் புலப்படத்தில் எல்லைக் கோடுகளின் நீளங்கள் எண்ணாக எழுதப்படுகின்றன. பத்திரம் பதியுமுன் அவ்வெண்களை நிலத்தில் நாடா பிடித்து ஒப்பிடுதல் நன்று.

முடிவுரை

இன்று டோட்டல் ஸ்டேஷனும் செயற்கைக்கோள் வழி இடமறி கருவியும் ட்ரோனும் தளமேசையின் பணியை ஏற்றுவிட்டன. எனினும் அறிந்த புள்ளியிலிருந்து அறியாத புள்ளிக்குச் செல்லும் அடிப்படை மாறவில்லை. மாணவச் செல்வங்கள் ஒரு விடுமுறை நாளில் பலகை, மூன்று கால்கள், இரு குண்டூசிகள் பொருத்திய அளவுகோல் ஆகியவற்றைக் கொண்டு தம் தெருவை வரைந்து பார்ப்பாராக. அதன்பின் புலப்படம் ஒன்று கையில் வரும்போது அதன் கோடுகளை நிலத்தோடு ஒப்பிட்டுப் படிக்கும் ஆற்றல் அவர்க்கு வாய்க்கும். எல்லையைப் படிக்கத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்தால், உடன்பிறந்தார் நீதிமன்றம் ஏறும் வழக்குகள் சிலவேனும் வீட்டுத் திண்ணையிலேயே தீரும்.