ஏவுகணைத் தீவில் ஏன் விளக்கை அணைக்கிறார்கள்?

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பினால் எங்கள் பள்ளிப்பட்டுப் பக்கம் மொட்டை மாடியில் கூட்டம் கூடிவிடும். ராக்கெட் இஸ்ரோவுடையது, சரி. அக்னி மாதிரி ஏவுகணைகளை எங்கிருந்து விட்டுப் பார்க்கிறார்கள்? ஒடிசா கடற்கரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு குட்டித் தீவிலிருந்து. பழைய பெயர் வீலர் தீவு, 2015-ல் அப்துல் கலாம் தீவு என்று மாற்றினார்கள். டிஆர்டிஓ கட்டுப்பாட்டில் இருக்கிறது. 2012 ஏப்ரல் 19-ல் அக்னி-5 முதல் தடவை பறந்தது இங்கிருந்துதான்.

இந்தத் தீவுக்குப் பக்கத்திலேயே கஹிர்மாதா. பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி என்று நீங்கள் படித்திருப்பீர்கள்) லட்சக்கணக்கில் ஒரே சமயத்தில் கரையேறி முட்டையிடும் இடம். 1997-ல் கடல் சரணாலயமாக அறிவித்தார்கள். ஒரு ஆமை சுமார் நூறு முட்டை போடும். ஒன்றரை, இரண்டு மாதத்தில் குஞ்சுகள் பெரும்பாலும் ராத்திரியில்தான் மணலைக் கிளறி வெளியே வரும்.

நம் பாடம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. குஞ்சுக்குக் கடல் எந்தப் பக்கம் என்று யார் சொல்வது? தாழ்வாக, வெளிச்சமாக இருக்கும் அடிவானத்தைப் பார்த்து அது ஓடும். இருட்டான கரையில் நட்சத்திர வெளிச்சம் பட்டு மின்னும் கடல்தான் அந்த அடிவானம். கரைப்பக்கம் ஒரு ஃபோகஸ் லைட் எரிந்தால் கணக்கு தலைகீழ். குஞ்சு நிலத்துக்குள் ஓடி, விடிந்ததும் வெயிலில் காயும், இல்லையென்றால் காக்காய்க்கும் நாய்க்கும் இரையாகும்.

எல்லா விளக்கும் ஒன்றில்லை. ஆமைக் கண்ணுக்கு ஊதா, நீலம், பச்சை நன்றாகத் தெரியும், ஆரஞ்சும் சிவப்பும் அவ்வளவாக இழுக்காது. நாம் 'பவர் சேவிங்' என்று மாட்டுகிற வெள்ளை எல்இடி-யில் 450 நானோமீட்டர் பக்கம் ஒரு நீல உச்சம் இருக்கும். 590 பக்கம் இருக்கிற ஆம்பர் எல்இடி எவ்வளவோ தேவலை.

அடுத்தது உயரம். சின்னதாக ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. கூட்டிலிருந்து 200 மீட்டர் தள்ளி 10 மீட்டர் கம்பத்தில் விளக்கு. தரையோடு இருக்கும் குஞ்சின் பார்வையில் 10/200, அதாவது 0.05. நடுவில் 3 மீட்டர் தடுப்பு வைக்கிறோம். கூட்டுக்கு 20 மீட்டரில் வைத்தால் 3/20 = 0.15, விளக்கு மறைந்துவிடும். அதே தடுப்பை 100 மீட்டரில் வைத்தால் 0.03-தான், விளக்கு பளிச்சென்று தெரியும். காசு ஒன்று, பலன் பூஜ்யம்! ஆனால் வானத்தில் பட்டுச் சிதறி வருகிற வெளிச்சத்துக்கு எந்தச் சுவரும் கிடையாது. அணைத்தால்தான் உண்டு.

வனத்துறை கேட்டது அதைத்தான். முட்டைக் காலத்தில் விளக்குகளை அணைக்க, மறைக்க, மங்கலாக்க டிஆர்டிஓ ஒத்துக்கொண்டது. 2023-ல் இன்னும் ஒரு படி மேலே போய், ஜனவரியிலிருந்து மார்ச் வரை அங்கே ஏவுகணைச் சோதனையே வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். நாட்டுப் பாதுகாப்பு என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சே கிடையாது என்றுதான் நாம் நினைக்கிறோம். கேலண்டரைக் கொஞ்சம் நகர்த்தினால் வேலை முடிகிற இடமும் இருக்கிறது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடணும். ஒடிசாவில் தாம்ரா, தேவி, ருஷிகுல்யா முகத்துவாரங்களை ஒட்டி, கரையிலிருந்து 20 கிலோமீட்டர் வரை, நவம்பர் 1 முதல் மே 31 வரை மீன்பிடிக்கத் தடை. ஏழு மாதம். ராணுவ ஆராய்ச்சிக்கு மூன்று மாதம் தள்ளிப்போவது ஒரு அட்டவணை விஷயம், படகுக்காரருக்கு ஏழு மாதம் என்பது அடுப்பெரிவது. இழுவலையில் சிக்கி ஆமை மூச்சு முட்டிச் சாவது உண்மைதான், 2025 ஜனவரியில் சென்னைக் கரையிலேயே செத்து ஒதுங்கியதைப் பார்த்தோம். ஆனாலும் ஆமைக்கான செலவில் பெரும்பங்கு யார் தலையில் விழுகிறது என்று பார்த்தால், எனக்கு அது நியாயமாகத் தெரியவில்லை.

கடைசியாக இஇஇ நண்பர்களுக்கு ஒன்று. ராஜஸ்தானில் பொக்ரான் துப்பாக்கிச் சூடு பயிற்சிக் களத்தில், குண்டு வெடிக்கிற அதே நிலத்தில், கானமயில் வாழ்கிறது. ஆடு மாடு, டிராக்டர், கட்டடம் எதுவும் உள்ளே வராததுதான் காரணம். வேலியைத் தாண்டினால் காற்றாலை, சோலார், அவற்றின் உயரழுத்தக் கம்பிகள். கானமயிலுக்கு முன்பக்கப் பார்வை ரொம்பக் குறுகல், உடம்போ பத்துப் பதினைந்து கிலோ வரை. கம்பி கண்ணில் படும்போது திரும்ப நேரமிருக்காது. கம்பிகளை மண்ணுக்கடியில் போடச் சொல்லி 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எல்லா இடத்திலும் அது முடியாது என்று அரசு போனதும், 2024 மார்ச்சில் உத்தரவைத் தளர்த்தி ஒரு நிபுணர் குழுவிடம் விட்டது. உயரழுத்த மின்சாரத்தைப் பூமிக்கடியில் கொண்டுபோனால் கெபாசிட்டன்ஸ் ஏறும், மூட்டுகளில் பழுது வரும், செலவு பல மடங்கு. அரசு சொன்ன காரணங்களில் இவையும் உண்டு. டிரான்ஸ்மிஷன் லைன் பாடம் இந்த செமஸ்டர் ஓடுதே, எத்தனை கிலோமீட்டர் வரை கேபிள் தாங்கும் என்று போட்டுப் பாருங்க.