வாவிக்கரை வியாபாரியின் விளம்பர மடல்: எவ்வடிவம் ஏற்றது?

பாசிக்குடாவில் நாலைந்து அறைகளை வைத்து விருந்தினர் விடுதி நடத்துபவருக்கும், மருதமுனைத் தறியில் நெய்த சேலைகளை லண்டனிலும் டொரொன்டோவிலும் வாழும் நம்மவர்க்கு விற்பவருக்கும் மின்மடல் சிக்கனமானதொரு விளம்பர சாதனம் என்பதில் ஆட்சேபமில்லை. அம்மடலை எவ்வடிவத்தில் அமைப்பது என்பதிலேதான் அபிப்பிராய பேதம். முழு மடலையும் ஒரே படமாக்கி அனுப்புவார் உளர், வெறும் எழுத்தோடு நிறுத்துவார் உளர், மெயில்சிம்ப் போன்ற சேவைகளின் ஆயத்த வார்ப்புகளில் விஷயத்தை இட்டு நிரப்புவார் உளர், எச்.டி.எம்.எல். குறிகளைத் தாமே எழுதுவாரும் சிலர் உளர்.

நோட்டீஸ் அச்சிட்டுப் பழகியவர்க்கு முதல் வழியே கவர்ச்சி தரும். ஆயினும், அவுட்லுக் முதலிய செயலிகள் பெறுபவர் அனுமதிக்கும்வரை படங்களை மறைத்து வைப்பதால், அறை வாடகையும் தொலைபேசி எண்ணும் படத்துக்குள்ளேயே இருக்கும் மடல் வெற்றுக் கட்டமாகவே போய்ச் சேரக்கூடும். 600 பிக்சல் அகலத்தில் வரைந்த படம் 360 பிக்சல் அகலமுள்ள கைத்தொலைபேசித் திரையில் ஐந்தில் மூன்று பங்காகச் சுருங்கும்போது, ‘கி’யையும் ‘கீ’யையும் பிரித்துக் காட்டும் சிறு சுழி கண்ணுக்குத் தப்பிவிடும். திரைவாசிப்பானின் துணையோடு படிக்கும் பார்வையற்றோர்க்கோ, மாற்று வாசகம் சேர்க்கப்படாத படம் ஊமை. இவ்வழியை நான் எவர்க்கும் சிபாரிசு செய்வதில்லை.

வெறும் எழுத்து மடலுக்கு இவ்வித அபாயங்கள் இல்லை. படுவான்கரையிலிருந்து எருமைத் தயிர் கொண்டுவந்து நகரத்து உணவகங்களுக்கு வாரந்தோறும் கொடுப்பவர் விலை மாற்றத்தை அறிவிக்க அதுவே போதும்; உண்மையில் அவருக்கு வாட்ஸ்அப்பே போதும். சேலையின் கரையையும் நிறத்தையும் கண்ணால் காணாமல் ஒருவரும் வாங்கார் ஆதலின், நெசவு விற்பவர்க்கு எழுத்து மட்டும் பிரயோஜனப்படாது.

மிஞ்சிய இரண்டுக்குமிடையே தேர்வதே கடினம். 2007ஆம் ஆண்டு முதல் விண்டோஸ் கணினிகளின் பழைய அவுட்லுக், மடலைக் காட்ட உலாவியின் இயந்திரத்தை விடுத்து வேர்ட் செயலியின் இயந்திரத்தைக் கைக்கொண்டமையால், இணையதளங்களில் இன்று சர்வசாதாரணமான, தோற்றத்தை வகுக்கும் சி.எஸ்.எஸ். உத்திகள் பல அங்கே செல்லுபடியாவதில்லை; ஆகவே குறிகளைத் தாமே எழுதுவோர் இருபதாண்டுக்கு முந்திய முறைப்படி அட்டவணைக்குள் அட்டவணையாக அடுக்கி, நிறத்தையும் இடைவெளியையும் ஒவ்வோர் உறுப்பிலும் தனித்தனியே குறிக்க வேண்டியுள்ளது. சிரத்தையோடு எழுதினால் மடல் மெலிதாகவும் திடமாகவும் அமையும், எம்.ஜே.எம்.எல். என்னும் சுருக்க மொழி அவ்வட்டவணைகளைத் தானே விரித்துக் கொடுத்து, இவ்வுழைப்பில் பெரும்பகுதியைக் குறைக்கின்றது. ஆயத்த வார்ப்போ ஒரு மாலைப் பொழுதில் காரியத்தை முடித்துத் தரும். அதன் தோஷம் பருமன். ஜிமெயில் ஏறத்தாழ 102 கிலோபைட்டுக்கு மேற்பட்ட எச்.டி.எம்.எல்.லை இடையில் வெட்டிவிடுவதால், அடியில் வைக்கும் ‘இனி மடல் வேண்டாம்’ என்ற இணைப்பே முதலில் மறைந்துபோகும்.

இதில் தமிழ் எழுதுவோர் கவனிக்க வேண்டிய விசேஷம் ஒன்று உண்டு. ‘பட்டிகலோவா’ என்பதை ஆங்கிலத்தில் எழுதப் பத்து பைட்டுகள் போதும். ‘மட்டக்களப்பு’ என்பதற்கு யு.டி.எஃப்-8 முறையில் 36 வேண்டும். எழுத்துகளை எண்குறிகளாக மாற்றிவிடும் கருவி வாய்த்தால் அதுவே 84 ஆகும். எனவே வார்ப்பைத் தேர்பவர், முன்தோற்றத்தின் அழகில் மயங்காது, அது வெளியிடும் குறியைத் திறந்து பார்த்துக்கொள்ளல் நன்று. எழுத்துருவைப் பொறுத்தவரை, வலையிலிருந்து தருவிக்கும் அலங்கார உருவங்களை ஜிமெயில் ஏற்பதில்லை. விண்டோஸில் லதாவோ நிர்மலாவோ, ஆண்ட்ராய்டில் நோட்டோவோ, கருவியில் உள்ளதே தோன்றும். அதற்கு இசைந்து வரியிடைவெளியைத் தாராளமாக விடுவதே விவேகம்.

விடுதிக்காரருக்கு ஆயத்த வார்ப்பே உசிதம் என்பது என் துணிபு: ஒற்றைப் பத்தி, வாவியின் ஒரு புகைப்படம், படமாக அல்லாது எழுத்தாகவே அமைந்த தலைப்பும் வாடகை விவரமும், ஒரே ஒரு பொத்தான். நெசவுக் கடைக்காரர் மாதந்தோறும் புதுச் சேலைகளைக் காட்ட நேர்வதால், தெரிந்த இளைஞர் ஒருவரைக் கொண்டு எம்.ஜே.எம்.எல்.லில் ஒருமுறை செவ்வையாக ஆக்கிவைத்தல் லாபம்.

எவ்வடிவமாயினும், 2024 பெப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். முதலிய அடையாளச் சான்றுகளை வற்புறுத்துகின்றன. நாளொன்றுக்கு ஜிமெயில் முகவரிகளுக்கு ஐயாயிரத்துக்கு மேல் அனுப்புவோர்க்கு விதிகள் இன்னும் கடினம். ஆயத்த வார்ப்பையும் தாமே எழுதிய மடலையும் பரீட்சித்து ஒப்பிட விரும்புவோர், எத்தனை பேர் மடலைத் திறந்தனர் என்ற கணக்கை நம்பவேண்டா. 2021 முதல் ஆப்பிளின் மடல் செயலி, அந்தரங்கப் பாதுகாப்பை இயக்கியவர்க்கு, அவர் படியாதபோதும், அக்கணக்குக்கு ஆதாரமான படங்களை முன்னதாகவே இறக்கிவிடுகின்றது. வந்த பதில்களையும் பதிவான அறைகளையும் எண்ணுக.