தனியே பழகலாம், தானாகக் கற்க முடியாது

கராத்தே என்றதும் மலையுச்சியில் தனியாக நின்று மரத்தைக் குத்தும் வீரனைத்தான் பலரும் நினைக்கிறார்கள். கராத்தே பிறந்த ஒகினாவாத் தீவின் பழைய ஆசான்கள் தனியே பழகியது உண்மை. ஆனால் அதைச் சுற்றி வளர்ந்த நம்பிக்கைகளை நம்பி உடம்பைக் கெடுத்துக்கொள்பவர்கள் இருப்பதால், சிலவற்றைத் தெளிவுபடுத்த வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை: மன உறுதி இருந்தால் ஆசான் தேவையில்லை.

உண்மை: கராத்தேயை ஒகினாவாவிலிருந்து டோக்கியோவுக்குக் கொண்டுசென்றவர்களில் முதன்மையானவர் கிச்சின் ஃபுனகோஷி (1868–1957). இளமையில் அவர் இரவுதோறும் ஆசான் அசாதோவின் வீட்டுக்குப் போய், முற்றத்தில் ஒரே கட்டாவை, அதாவது தனியாகச் செய்யும் குறித்த அசைவு வரிசையை, மாதக்கணக்கில் செய்தார். அசாதோ உட்கார்ந்து பார்ப்பார். சரியில்லை என்றால் மறுபடி செய்யச் சொல்வார். நைஹாஞ்சி வரிசையின் மூன்று கட்டாக்களுக்கு மட்டும் ஃபுனகோஷிக்குப் பத்தாண்டுகள் ஆயின. முற்றத்தில் நின்றவர் ஒருவர்தான், ஆனால் அவரைக் கவனிக்க இன்னொரு ஜோடிக் கண்கள் இருந்தன. முழங்கால் உள்பக்கம் சாய்வதும் தோள் தூக்கிக்கொள்வதும் செய்பவருக்குத் தெரியாது. திருத்த ஆளில்லாமல் ஆயிரம் தடவை செய்தால் தப்புதான் உடம்பில் ஊறும்.

நம்பிக்கை: ஊரையும் வேலையையும் விட்டு விலகினால்தான் கலை கைவரும்.

உண்மை: இதற்குச் சான்றாக ஜப்பானின் மினோபு மலையில் தனித்திருந்து பழகிய கராத்தே வீரர் மசுதாட்சு ஓயாமாவைச் சொல்வார்கள். அவர் மலையேறும் முன்பே ஃபுனகோஷியின் பயிற்சிக்கூடத்தில் பழகியவர். பிறகு அவர் நிறுவிய கியோகுஷின் பள்ளியின் பெரிய சோதனையே 100 பேரோடு அடுத்தடுத்து மோதுவதுதான். ஃபுனகோஷியோ பகலில் பள்ளியில் பாடம் நடத்திய வாத்தியார். கலையை அவர் குடும்பத்துக்கும் வேலைக்கும் நடுவில்தான் வளர்த்தார்.

நம்பிக்கை: கட்டா வெறும் காற்றில் கை வீசுவது.

உண்மை: நிலை, இடுப்புத் திருப்பம், மூச்சு, எடை மாற்றம் ஆகியவற்றை அவசரமில்லாமல் செப்பனிடக் கட்டாவைவிட நல்ல வழி குறைவு. அதேசமயம் எதிராளிக்கும் நமக்கும் உள்ள தூரம், அடிக்கும் நேரம், பதற்றம் ஆகிய மூன்றையும் கட்டா தராது. அவற்றுக்கு எதிரில் ஒரு மனிதர் நிற்க வேண்டும்.

நம்பிக்கை: முட்டி காய்த்துப் போகுமளவு குத்துவதே பயிற்சி.

உண்மை: குத்திப் பழகுவதற்கென இருப்பது மகிவாரா: தரையில் நட்டு, மேல்பகுதியில் வைக்கோல் கயிறு சுற்றிய பலகை. அடித்தால் வளைந்துகொடுக்கும். மணிக்கட்டும் முழங்கையும் தோளும் ஒன்றுக்கொன்று சரியாக அமைந்திருக்கின்றனவா என்பதை அது உடனே காட்டிவிடும். ஃபுனகோஷியின் இன்னொரு ஆசானான இதோசு 1908-இல் எழுதிய கடிதத்தில், தோளை இறக்கி ஒவ்வொரு கையாலும் நூறு, இருநூறு தடவை குத்தச் சொன்னார். எண்ணிக்கையோடு உடல் அமைப்பையும் சேர்த்தே சொன்னார். சிமெண்டுச் சுவரைக் குத்துகிறவர் மூட்டைத்தான் இழப்பார்.

ஃபுனகோஷி எண்பது வயதைக் கடந்தும் கலையை விடவில்லை. வாழ்நாள் முழுக்கக் கூட வரும் பயிற்சி என்றால் அது உடம்பைக் காக்கும் பயிற்சியாக இருக்க வேண்டும். ஆகவே தினமும் வீட்டில் தனியே பழகுங்கள். ஆசானிடம் தவறாமல் போய்க் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். இணையோடு நின்று சோதித்துப் பாருங்கள். இம்மூன்றில் ஒன்றைக்கூட விட்டுவிடாதீர்கள்.