சுண்ணாம்புக் கோட்டில் ஒரு போர்க்கப்பல்

எட்டாம் வகுப்பு சமூக அறிவியலில் ‘ஐரோப்பியர்களின் வருகை’ நடத்தும்போது கோட்டைகள் வரும், ஒப்பந்தங்கள் வரும். அவர்களைக் கொண்டுவந்து சேர்த்த கப்பல் மட்டும் பிள்ளைகளின் மனத்தில் நிற்பதில்லை. காரியாபட்டியில் என் வகுப்பில் பாதிப்பேர் கடலையே பார்த்ததில்லை. ஆகவே, கப்பலை மைதானத்தில் வரைந்துவிட்டோம்.

நான் எடுத்துக்கொண்டது ஃபிரிகேட் வகை. பெரிய போர்க்கப்பல்கள் வரிசைகட்டி மோதும். ஃபிரிகேட் முன்னே போய் வேவு பார்க்கும், செய்தி கொண்டுபோகும், வணிகக் கப்பலுக்குக் காவல் போகும். 1782இல் ‘எபே’ என்ற பிரெஞ்சு ஃபிரிகேட்டைப் பிடித்த ஆங்கிலேயர், அதன் வடிவத்தைப் பார்த்தே ‘லீடா’ வகையைக் கட்டினார்கள். அதில் ஒன்று, பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டி 1817இல் கடலில் இறக்கிய ‘டிரிங்கோமலி’. நம் திருகோணமலையின் பெயர்தான். இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது.

பீரங்கித் தளம் 150 அடி நீளம், அகலம் 40 அடி. கயிறு பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டோம். முனை வேப்பமரத்தைத் தாண்டிவிட்டது. இதற்குள் சுமார் 300 பேர் என்றதும், “நம்ம பள்ளிக்கூடமே ஏறிடும் டீச்சர்!” என்றார்கள்.

மருந்து அறைக்கு வந்தபோதுதான் பாடம் அவர்கள் கைக்குப் போனது. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றையும் அவர்களே சொன்னார்கள். அறை நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும். உள்ளே இரும்பு கூடாது. விளக்கு அடுத்த அறையில், கண்ணாடிக்கு அப்பால் எரியும் என்றேன். “அம்மா வேலை பாக்குற ஷெட்லயும் இரும்பு கூடாது டீச்சர், ஒரு உரசல் போதுமாம்” என்றாள் ஒரு மாணவி.

அங்கிருந்து பீரங்கிக்கு மருந்துப் பொட்டலம் சுமந்து ஓடியவர்களில் பலர் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன்கள் என்பதையும் சொன்னேன். வகுப்பு அமைதியானது. வாரத்தில் இரண்டு நாள் வராமல், வீட்டில் வெடிக்குக் குழாய் உருட்டும் மாணவன் ஒருவன் கேட்டான்: “அவங்களுக்குப் பள்ளிக்கூடம் கிடையாதா டீச்சர்?”

ஒரு சில கப்பல்களில் ஆசிரியர் உண்டு, ஆனால் பெரும்பாலும் அதிகாரியாகப் போகும் பிள்ளைகளுக்குத்தான் என்றேன். அன்று மாலை அவன் வீட்டுக்குப் போய் அவன் அம்மாவிடம் பேசினேன். மறுநாள் அவன் வந்தான். மழையில் கரைந்திருந்த பின்பக்கக் கோட்டை அவனே திரும்பப் போட்டான்.