வாடிவாசலைத் திறந்த கையெழுத்து

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. வாட்ஸ்அப்பில் நீ கேட்டதற்கு அங்கேயே பதில் போட்டிருக்கலாம். ஆனால் அது கட்டைவிரலால் தட்டி முடிக்கிற சங்கதி இல்லை. "அமெரிக்க ஜனாதிபதி கேமரா முன்னாடி ஃபைலைத் திறந்து கையெழுத்துப் போடுறாரு, மறுநாளே நாட்டு நடப்பு மாறுது. நம்ம ஜனாதிபதி ஏன் அப்படி எதுவும் செய்யறதில்ல?" என்று கேட்டிருந்தாய். செய்கிறார், தாயி. சத்தமில்லாமல் செய்கிறார். அப்படி ஒரு ஒப்புதல் கிடைத்ததால்தான் உங்கள் வீட்டுத் தொழுவத்தில் நிற்கிற காளை பாலமேட்டு வாடிவாசல் வழியாக இன்றைக்கு வெளியே வருகிறது.

அமெரிக்காவை முதலில் முடித்துவிடுகிறேன். அங்கே நிர்வாக ஆணை என்பது, ஜனாதிபதி தனக்குக் கீழே வேலை பார்க்கிற அதிகாரிகளுக்கு இடுகிற கட்டளை. 1948 ஜூலை 26 அன்று ட்ரூமன் ஓர் ஆணையில் கையெழுத்திட்டு, ராணுவத்தில் கறுப்பர், வெள்ளையர் என்று பிரித்து வைத்திருந்த வழக்கத்துக்கு முடிவு கட்டத் தொடங்கினார். அது நிலைத்தது, ராணுவத்துக்குத் தலைமைத் தளபதியே அவர்தான். அதே ட்ரூமன் 1952 ஏப்ரலில், கொரியப் போர் நடக்கும்போது வேலைநிறுத்தம் வரப்போகிறது என்று எஃகு ஆலைகளை அரசின் கைக்குக் கொண்டுவர ஆணையிட்டார். ஜூன் 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று சொல்லிவிட்டது. தனியார் சொத்தை எடுத்துக்கொள்ள காங்கிரஸ் எந்தச் சட்டத்திலும் அவருக்கு அதிகாரம் தரவில்லை. டிரம்ப் 2017 ஜனவரி 27-இல் ஏழு நாட்டவர் நுழையத் தடை போட்டார். ஒரு வாரத்தில் சியாட்டிலில் ஒரு நீதிபதி நிறுத்தி வைத்தார். திருத்தி எழுதிய மூன்றாவது ஆணையை 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2021 ஜனவரி 20-இல் பைடன் பதவியேற்ற அன்றே அதை ரத்து செய்தார். ஒருவர் போட்டதை அடுத்தவர் அழிக்கலாம் என்பதுதான் அங்குள்ள ஆணைகளின் தலையெழுத்து. பக்கத்தில் இலங்கையிலும் ஜனாதிபதிக்கு நேரடி அதிகாரம் உண்டு, 1978 அரசியலமைப்பு தந்தது. 2021-இல் கோத்தபய ராஜபக்ச ரசாயன உர இறக்குமதிக்குத் தடை போட்டதும், நெல் விளைச்சல் சரிந்ததும், அந்த ஆண்டு நவம்பருக்குள் தடையைத் தளர்த்தியதும் உன் தாத்தாவுக்கு நன்றாகவே தெரியும். யூரியா என்று பேச்செடுத்தாலே அந்தக் கதையைத்தானே சொல்வார்!

நம் ஏற்பாடு வேறு. அரசியலமைப்பின் 74-ஆவது பிரிவுப்படி குடியரசுத் தலைவர் மத்திய அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் நடக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் மறுபரிசீலனைக்கு ஒருமுறை திருப்பி அனுப்பலாம்; அதே ஆலோசனை மறுபடி வந்தால் ஏற்றாக வேண்டும். ஆகவே கையெழுத்து ராஷ்டிரபதி பவனில் விழுந்தாலும் முடிவு வேறிடத்தில் எடுக்கப்படுகிறது. இதை மட்டும் கேட்டால் ரப்பர் ஸ்டாம்பு என்று நீ சொல்வாய். பொறு. 123-ஆவது பிரிவு ஒன்று இருக்கிறது. நாடாளுமன்றம் கூடியிராத சமயத்தில், உடனே செய்தாக வேண்டிய நிலை என்று கருதினால், அமைச்சரவை சொல்லி குடியரசுத் தலைவர் அவசரச் சட்டம் பிறப்பிக்கலாம். பெயரில்தான் அவசரம், அன்று முதல் அதற்கு முழுச் சட்டத்தின் வலு. சட்டமே செய்கிற இந்த வசதி அமெரிக்க ஜனாதிபதிக்குக் கிடையாது.

அதன் வேகத்துக்கு ஒரு சாட்சி: 1969 ஜூலை 19, சனிக்கிழமை. திங்கட்கிழமை நாடாளுமன்றம் கூட வேண்டும். இரண்டு நாள் பொறுக்காமல், 50 கோடி ரூபாய்க்குமேல் வைப்புத்தொகை வைத்திருந்த 14 வங்கிகளை அரசுடைமையாக்கும் அவசரச் சட்டத்தில் தற்காலிகக் குடியரசுத் தலைவராக இருந்த வி.வி.கிரி கையெழுத்திட்டார். மறுநாள் பதவி விலகி, குடியரசுத் தலைவர் தேர்தலில் நிற்கப் போய்விட்டார். இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அன்றைக்கு அரசு வங்கி ஆனவைதான். கருமுத்து தியாகராசர் 1943-இல் தொடங்கிய நம்மூர் பேங்க் ஆஃப் மதுரா அந்தப் பட்டியலில் இல்லை. அது 2001-இல் ஐசிஐசிஐ வங்கியோடு இணைந்தது வேறு கதை. 1970 பிப்ரவரி 10-இல் உச்ச நீதிமன்றம் அரசுடைமைச் சட்டத்தை ரத்து செய்ய, நான்கே நாளில் இன்னொரு அவசரச் சட்டம் வந்துவிட்டது.

இப்போது வாடிவாசலுக்கு வருகிறேன். ஜல்லிக்கட்டை நிறுத்தியது நாடாளுமன்றம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் 22-ஆவது பிரிவு, எந்தெந்த விலங்கை வைத்து வித்தை காட்டக்கூடாது என்பதை மத்திய அரசே அரசிதழில் அறிவிக்கலாம் என்கிறது. சிங்கம், புலி, கரடி, குரங்கு என்றிருந்த அந்தப் பட்டியலில் 2011 ஜூலை 11 அன்று சுற்றுச்சூழல் அமைச்சகம் காளையையும் சேர்த்தது. நாடாளுமன்றத்தில் விவாதம் இல்லை, வாக்கெடுப்பு இல்லை. அரசிதழில் ஓர் அறிவிக்கை, அவ்வளவுதான். நிர்வாகத்தின் கையெழுத்து நாட்டின் கொள்கையை எப்படித் தீர்மானிக்கிறது என்று யாராவது உன்னைக் கேட்டால் நீ வாஷிங்டன் வரை போக வேண்டியதில்லை.

தமிழ்நாட்டிடம் 2009-இல் இயற்றிய ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டம் இருந்ததே என்பாய். இருந்தது. ஆனால் மிருகவதைத் தடுப்பு, மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் செய்யக்கூடிய பொதுப்பட்டியலில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் மாநிலச் சட்டம் மத்தியச் சட்டத்தோடு மோதினால் மத்தியச் சட்டமே நிற்கும். மோதினாலும் மாநிலச் சட்டம் அந்த மாநிலத்தில் நிற்க வேண்டுமானால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். 254-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. 2009 சட்டத்துக்கு அந்த ஒப்புதல் வாங்கப்படவில்லை. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று அறிவித்தபோது, மோதல் என்பதே காரணம். கோர்ட்டில் கறுப்புக் கோட்டோடு திரிகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு மசோதாவை எந்த வாசலுக்கு அனுப்ப வேண்டுமோ அந்த வாசலுக்கு அனுப்பாமல் விட்டால், ஐந்தாண்டு கழித்து ஆயிரம் வக்கீல் வந்தாலும் காப்பாற்ற முடியாது.

2015 தையில் வாடிவாசல் திறக்கவில்லை. அடுத்த பொங்கலுக்கு முன், 2016 ஜனவரி 7-இல், மத்திய அரசு புதிய அறிவிக்கை வெளியிட்டது: காளை பட்டியலில் இருந்தாலும் ஜல்லிக்கட்டுக்கு விலக்கு. அலங்காநல்லூரில் வெடி வெடித்தார்கள். ஐந்தாம் நாள் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்துவிட்டது. ஏன் நின்றுபோனது என்பதை நீ புரிந்துகொண்டால் பாதிப் பாடம் முடிந்தது. அறிவிக்கை என்பது ஒரு சட்டத்தின் அடியில் பிறக்கிற குழந்தை. அந்தச் சட்டத்தை நீதிமன்றம் எப்படிப் பொருள் கொண்டதோ, அதைத் தாண்டி அறிவிக்கையால் அடியெடுத்து வைக்க முடியாது. தீர்ப்பின் அடிப்படையை மாற்ற வேண்டுமானால் சட்டத்தையே திருத்த வேண்டும்.

அதுதான் 2017-இல் நடந்தது. பொங்கல் கழிந்ததும் அலங்காநல்லூரில் விடியவிடிய உட்கார்ந்திருந்தவர்களைப் போலீஸ் கைது செய்தது, அடுத்து மெரினா. தமுக்கத்தில் கூட்டம், செல்லூரில் வைகைப் பாலத்தின் மேலே மறிக்கப்பட்ட ரயில் நாள்கணக்கில் அங்கேயே நின்றது. முதலமைச்சர் ஓ.பன்னீர்செல்வம் ஜனவரி 19-இல் டெல்லியில் பிரதமரைப் பார்த்தார். அங்கேயே அவசரச் சட்ட வரைவு தயாரானது. அதை நம் ஆளுநர் தன் போக்கில் பிறப்பித்துவிட முடியாது. மாநில அவசரச் சட்டம் பற்றிய 213-ஆவது பிரிவில் ஒரு முடிச்சு இருக்கிறது: குடியரசுத் தலைவரின் ஒப்புதல் தேவைப்படுகிற விஷயமாக இருந்தால், அவருடைய அறிவுறுத்தல் பெற்றுத்தான் ஆளுநர் கையெழுத்திடலாம். வரைவு உள்துறைக்குப் போனது. சட்டம், சுற்றுச்சூழல் அமைச்சகங்கள் பார்த்தன. வழக்கமாக மாதக்கணக்கில் ஊறுகிற கோப்பு ஓரிரு நாளில் கரையேறியது. அறிவிக்கை வழக்கின் தீர்ப்பை ஒரு வாரம் தள்ளிவைக்கும்படி அட்டர்னி ஜெனரல் உச்ச நீதிமன்றத்தைக் கேட்டுக்கொள்ள, நீதிமன்றமும் சம்மதித்தது. ஜனவரி 21 அன்று, மகாராஷ்டிரத்தோடு தமிழ்நாட்டையும் கூடுதலாகக் கவனித்த ஆளுநர் வித்யாசாகர் ராவ் அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தார்.

மறுநாள் வாடிவாசலைத் திறந்து வைக்க முதலமைச்சர் மதுரைக்கு வந்தார். அலங்காநல்லூர் திறக்கவிடவில்லை. அவசரச் சட்டம் வேண்டாம், நிரந்தரச் சட்டம் வேண்டும் என்று ஊரே சாலையை மறித்தது. அவர் சென்னைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. படித்தவர்கள் பலர் அன்றைக்கு அவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள்: அவசரச் சட்டமும் சட்டம்தானே, இது தெரியாத ஜனங்கள் என்று. சட்டப் புத்தகப்படி சிரித்தவர்கள் சொன்னது சரி. என் மனசு மட்டும் மறித்தவர்கள் பக்கம்தான். அவசரச் சட்டம் என்பது சட்டமன்றத்திடம் வாங்குகிற கைமாத்து. அவை மறுபடி கூடிய நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் அவையே அதைச் சட்டமாக்காவிட்டால் காலாவதி. பேரவை ஜனவரி 23-இல் கூடுவதாக இருந்தது. கணக்குப் போட்டால் மார்ச் 6. இரண்டு வருஷம் அறிவிக்கையையும் தடையையும் மாறிமாறிப் பார்த்த ஊர், ஆறு வாரத்து உறுதியை நம்பி மாட்டை அவிழ்க்கத் தயாராக இல்லை. இதில் அறியாமை எங்கே இருக்கிறது?

வாங்கிய கைமாத்தைத் திருப்பாமல் புதுப்பித்துக்கொண்டே போன மாநிலமும் உண்டு. பீகாரில் 1967-க்கும் 1981-க்கும் இடையே 256 அவசரச் சட்டங்கள் சட்டமன்றத்துக்குப் போகாமலே திரும்பத் திரும்பப் பிறப்பிக்கப்பட்டன. சில 14 ஆண்டு வரை உயிரோடிருந்தன. புனேயில் கோகலே நிறுவனத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த டி.சி.வாத்வா இதைத் தோண்டியெடுத்து வழக்குப் போட்டு, 1986-இல் வென்றார். அதன் தொடர்ச்சியாக ஏழு நீதிபதிகள் அமர்வு, மறுபடி மறுபடி பிறப்பிப்பது அரசியலமைப்பின்மீது செய்கிற மோசடி என்றும், அவசரச் சட்டத்தை அவையில் வைத்தே ஆக வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. தேதியைப் பார்: 2017 ஜனவரி 2. அலங்காநல்லூர் மறியலுக்கு மூன்று வாரம் முன்பு.

ஜனவரி 23 அன்றே பேரவை மசோதாவை நிறைவேற்றியது. ஜனவரி 31-இல் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி ஒப்புதல் தந்தார். பிப்ரவரியில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று வரிசையாகக் காளைகள் அவிழ்க்கப்பட்டன. இன்றைக்கு உன் அப்பா ஆன்லைனில் பதிவு செய்து, மாட்டு டாக்டரிடம் தகுதிச் சான்று வாங்கி, டோக்கனோடு விடியுமுன்னே வரிசையில் நிற்கிறாரே, திமிலைப் பிடிக்கிறவன் விழுந்தால் அடிபடாமல் இருக்க வாசல் முன்னே தேங்காய் நார் பரப்பியிருக்கிறதே, எல்லாமே அந்தத் திருத்தமும் அதன்கீழ் வந்த விதிகளும் கொண்டுவந்த ஒழுங்கு. ஜனவரி முதல் மே வரை என்ற கால எல்லைகூட அந்தத் திருத்தத்தில் இருப்பதுதான். 2023 மே 18-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்றது. 2009-இல் விட்ட வாசலை 2017-இல் விடாமல் தட்டியது அங்கே கைகொடுத்தது.

இத்தோடு நிறுத்தினால் கதை இனிப்பாக முடியும். ஆனால் நீ நீட் எழுதப் போகிறவள், மறுபாதியையும் தெரிந்துகொள். 2016-இல் உச்ச நீதிமன்றம் நீட்டை உடனே நடத்தச் சொன்னபோது, மாநிலங்களுக்கு அந்த ஓராண்டு விலக்குத் தந்தது மே 24-இல் பிரணாப் முகர்ஜி கையெழுத்திட்ட அவசரச் சட்டம்தான். ஜல்லிக்கட்டு மசோதா நிறைவேறிய சில நாளிலேயே, நீட்டிலிருந்து விலக்குக் கேட்கும் மசோதாக்களையும் அதே பேரவை நிறைவேற்றியது. அதே 254-ஆவது பிரிவு, அதே ராஷ்டிரபதி பவன். காளைக்கு எட்டு நாளில் ஒப்புதல். உன்னைப் போன்ற பிள்ளைகளின் மசோதாவுக்கு ஒப்புதல் இல்லை. அந்த ஆகஸ்டில் மாநில அரசு ஓராண்டு விலக்குக்கு அவசரச் சட்ட வரைவு கொண்டுபோனது. அதை ஆதரிக்க முடியாது என்று மத்திய அரசு நீதிமன்றத்தில் சொல்ல, வரைவு அங்கேயே படுத்துவிட்டது. 2021-இல் பேரவை மறுபடி மசோதா இயற்றியது. ஆளுநர் திருப்பியனுப்ப, 2022 பிப்ரவரியில் மீண்டும் நிறைவேற்றி அனுப்பியது. 2025 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் மறுத்துவிட்டார் என்று முதலமைச்சர் பேரவையில் அறிவித்தார். நீட் நல்லதா கெட்டதா என்ற வாதத்துக்கு நான் இங்கே வரவில்லை. வழி ஒன்று, நடைமுறை ஒன்று. டெல்லி அமைச்சரவையின் மனம்தான் வேறு.

புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு நீ போகும்போது இந்திய அரசியலமைப்பின் தமிழ்ப் பதிப்பைக் கேட்டு வாங்கு. 123, 213, 254 மூன்றையும் படித்துவிட்டு 201-க்குப் போ. குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவைத்த மாநில மசோதாக்களைப் பற்றிய பிரிவு அது. திரும்பி வந்த மசோதாவைப் பேரவை ஆறு மாதத்துக்குள் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று அதில் கெடு வைத்திருக்கிறார்கள். ஒப்புதல் தரவோ மறுக்கவோ குடியரசுத் தலைவருக்கு என்ன கெடு, மறுத்தால் காரணம் சொல்ல வேண்டுமா என்று அதே பிரிவில் தேடிப் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அக்காவையும் மாப்பிள்ளையையும் கேட்டதாகச் சொல்.

உன் மாமா,
மதுரை.