விசிறி சுழல்கிறது, திரை இருண்டிருக்கிறது: புதிதாகப் பொருத்திய கணினியைச் சோதிக்கும் முறை

நம் பல்கலைக்கழக மாணவர்களில் பலர் இன்று தங்கள் கணினியைத் தாங்களே பொருத்திக்கொள்கிறார்கள். கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவிலும் இணையச் சந்தையிலும் பாகங்களைத் தனித்தனியாகத் தேடி வாங்கி விடுதி அறையிலேயே பூட்டினால், கைக்கு அடக்கமான செலவில் ஒரு நல்ல விளையாட்டுக் கணினி அமைந்துவிடுகிறது. பாடப்பணிக்கும் அதுவே உதவுகிறது. ஆனால், எல்லாவற்றையும் பூட்டி முடித்துப் பொத்தானை அழுத்தியதும் விசிறிகள் சுழல்கின்றன, வண்ண விளக்குகள் எரிகின்றன, திரை மட்டும் இருண்டே கிடக்கிறது என்றால் என்ன செய்வது? அதை வரிசையாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விடுதி நண்பர்களின் இத்தகைய கணினிகள் பலவற்றை நான் சோதித்துப் பார்த்திருக்கிறேன். உண்மையிலேயே பாகம் பழுதாகியிருந்தவை அவற்றுள் மிகச் சில. எஞ்சியவை இணைப்பிலோ அமைப்பிலோ இருந்த சிறு குறைகள்தாம். பகுதி நேர வேலை செய்து சேர்த்த பணம் வீணாகாமல் இருக்க வேண்டுமானால், இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரிய வேண்டும்.

சொற்களைப் பற்றி ஒரு சொல்

கடையில் நாம் மதர்போர்டு, ரேம், கிராபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை என்றுதான் கேட்கிறோம். இக்கட்டுரையில் அவற்றை முறையே தாய்ப்பலகை, நினைவகம், வரைகலை அட்டை, மின்வழங்கி என்று குறிப்பிடுகிறேன். தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கும் தொடக்க நிரலுக்குப் பயோஸ் என்ற பெயரே நமக்குப் பழகிவிட்டது. அதை அப்படியே வைத்துக்கொள்வோம்.

திரை ஏன் இருள்கிறது?

பொத்தானை அழுத்தியதும் கணினி தன்னைத் தானே சோதித்துக்கொள்கிறது. முதலில் செயலி, அடுத்து நினைவகம், அதன் பின் வரைகலை அட்டை. இம்மூன்றும் தேறிய பிறகுதான் திரைக்குப் படம் போகும். ஆகவே, இருண்ட திரை என்றவுடன் வரைகலை அட்டையின் மேல் பழி போடுவது சரியன்று. இம்மூன்றில் எது தடுமாறினாலும் திரை இருளும்.

இங்கே இரண்டு செய்திகளை மனத்தில் இருத்த வேண்டும். விசிறி சுழல்வது, மின்வழங்கியிலிருந்து மின்சாரம் வருகிறது என்பதற்கு மட்டுமே சான்று. செயலி வேலை செய்கிறது என்பதற்கு அது சான்றாகாது. அடுத்து, விண்டோஸ் நிறுவப்படாவிட்டாலும், சேமிப்பு வட்டே இல்லாவிட்டாலும், பயோஸ் திரை தோன்றியாக வேண்டும். எனவே இந்த நிலையில் விண்டோசைத் திரும்ப நிறுவ முயல்வதில் பயனில்லை. பயோஸ் திரை தோன்றி, விண்டோஸ் ஏறும்போது மட்டும் இருண்டால் அது வேறு சிக்கல். அப்போதுதான் இயக்கி நிரலைச் சந்தேகிக்க வேண்டும்.

படி 1: பெட்டியைத் திறக்கும் முன்

திரை எந்த நுழைவாயிலை எதிர்பார்க்கிறது என்று பாருங்கள். கம்பி எச்டிஎம்ஐயில் இருக்க, திரை டிஸ்பிளே போர்ட்டில் காத்திருப்பது உண்டு. அடுத்து, கம்பியின் மறுமுனை எங்கே செருகப்பட்டுள்ளது? வரைகலை அட்டை தனியாக இருக்கும்போது கம்பி அதில்தான் செருகப்பட வேண்டும். ரைசன் 5 5600, கோர் ஐ5-12400எஃப் போன்ற சிக்கனச் செயலிகளில் உள்ளமைந்த வரைகலை கிடையாது. இவற்றோடு தாய்ப்பலகையின் எச்டிஎம்ஐ துளையைப் பயன்படுத்தினால் எவ்வளவு காத்திருந்தாலும் படம் வராது.

டிடிஆர்5 நினைவகம் உள்ள கணினியாக இருந்தால் சற்றுப் பொறுமை வேண்டும். குறிப்பாக, 2022இல் வந்த ஏஎம்5 வகைத் தாய்ப்பலகைகள் முதன்முறை இயங்கும்போது நினைவகத்தோடு ஒத்துப்போகப் பயிற்சி செய்கின்றன. அதற்குச் சில நிமிடங்கள் ஆகலாம். அதுவரை திரை இருண்டே இருக்கும். பதினைந்து நிமிடமாவது விட்டுவையுங்கள். இடையில் அணைத்தால் அந்தப் பயிற்சி மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

படி 2: மின் இணைப்புகள்

மின்வழங்கியை அணைத்து, சுவரிலிருந்து கம்பியைக் கழற்றி, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். உடலில் தேங்கிய நிலைமின்சாரம் பாகங்களைக் கெடுக்கக்கூடும்.

தாய்ப்பலகைக்கு இரண்டு மின் இணைப்புகள் தேவை. ஒன்று 24 முனை கொண்ட பெரியது. மற்றொன்று செயலிக்கு உரிய 8 முனை இணைப்பு, பெரும்பாலும் பலகையின் மேல் மூலையில் இருக்கும். இந்த இரண்டாவதை விட்டுவிட்டாலும் விசிறிகள் சுழலும், ஆனால் செயலி விழிக்காது. வரைகலை அட்டையிலும் 6 அல்லது 8 முனைத் துளை இருந்தால் அதற்கும் தனிக்கம்பி வேண்டும்.

செயலிக்கான 8 முனை 4+4 ஆகப் பிரியும். வரைகலை அட்டைக்கானது 6+2 ஆகப் பிரியும். இரண்டும் ஒன்றல்ல, நுழையாததை அழுத்தி நுழைக்கக் கூடாது. நண்பரின் மின்வழங்கியோடு வந்த கம்பியை உங்களுடையதில் மாட்டவும் கூடாது. வழங்கிப் பக்கத்து முனைகளின் வரிசை தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், பாகம் எரிந்துபோகலாம். எக்காரணம் கொண்டும் மின்வழங்கியின் உட்பெட்டியைத் திறக்காதீர்கள். கம்பியைக் கழற்றிய பின்னும் உள்ளே ஆபத்தான மின்னேற்றம் தேங்கியிருக்கும்.

படி 3: பலகை சொல்வதைக் கேட்பது

இன்றைய தாய்ப்பலகைகள் பலவற்றில் நான்கு சிறு விளக்குகள் உள்ளன. அவற்றின் அருகே செயலி, நினைவகம், வரைகலை, தொடக்க வட்டு ஆகியவற்றின் ஆங்கிலச் சுருக்கங்கள் அச்சிடப்பட்டிருக்கும். சோதனை எந்த இடத்தில் நின்றதோ அந்த விளக்கு அணையாமல் எரியும். தேட வேண்டிய இடத்தைப் பலகையே காட்டிவிடுகிறது.

விளக்கு இல்லாத மலிவுப் பலகையாயின், சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் சிறு ஒலிப்பானைப் பலகையில் செருகலாம். அது எழுப்பும் ஓசைகளின் எண்ணிக்கைக்கும் நீளத்துக்கும் பொருள் உண்டு. விளக்கம் பலகையின் கையேட்டில் இருக்கும்.

படி 4: நினைவகம்

நான் கண்டவரையில் பெரும்பாலான புதுக் கணினிகள் நின்றது இங்கேதான். இரண்டு நினைவகங்கள் வாங்கியிருந்தால், நான்கு துளைப் பலகையில் செயலியிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது துளைகளில் பொருத்துவதே வழக்கம். கையேட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். இருபுறமும் சமமாக அழுத்தினால் 'டக்' என்ற ஓசை கேட்க வேண்டும். பல பலகைகளில் ஒரு பக்கத்தில் மட்டுமே தாழ் இருப்பதால், மறுபக்கம் முழுமையாக இறங்காமல் நிற்பது கண்ணுக்குத் தெரிவதில்லை.

இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் செமஸ்டர் விடுமுறையில் வேலை செய்து சேர்த்த பணத்தில் கணினி பூட்டினார். திரை இருண்டது. "அண்ணே, கார்டு செத்துப் போச்சு போல. நாளைக்கே திருப்பி அனுப்பிட்டு வேற வாங்கப் போறேன்," என்றார். அட்டையை உறையில் போட்டுக் கட்டியும் விட்டார். பலகையைப் பார்த்தேன். எரிந்தது நினைவகத்தின் விளக்கு. ஒரு நினைவகத்தைக் கழற்றிவிட்டு மற்றதை இரண்டாவது துளையில் அழுத்திப் பொருத்தினோம், கட்டிய அட்டையைப் பிரித்து மீண்டும் மாட்டினோம். பயோஸ் திரை வந்தது. பிறகு இரண்டாவது நினைவகத்தையும் சரியாக அழுத்த, அதுவும் வேலை செய்தது. அட்டையைத் திருப்பி அனுப்பியிருந்தால், குறையற்ற பொருள் என்று சில வாரம் கழித்து அதுவே திரும்பி வந்திருக்கும். அதற்குள் இன்னோர் அட்டைக்கும் பணம் போயிருக்கும்.

இதிலிருந்து பெற வேண்டிய விதி: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒருசேர மாற்றினால், எது குணப்படுத்தியது என்று யாருக்கும் தெரியாது.

படி 5: பயோசும் செயலியும்

பயோஸ் அமைப்புகளை முதல் நிலைக்குக் கொண்டுவர, மின்கம்பியைக் கழற்றிவிட்டுப் பலகையிலுள்ள சிஆர்2032 வட்ட மின்கலத்தைச் சில நிமிடங்கள் எடுத்து வைத்துவிட்டு மீண்டும் பொருத்துங்கள்.

செயலி பலகையைவிடப் புதியதாயின் இன்னொரு காரணமும் உண்டு. பி450 பலகைகள் 2018இல் வந்தவை, ரைசன் 5000 வரிசை 2020 நவம்பரில் வந்தது. பழைய பயோசோடு கிடங்கில் கிடந்த பலகைக்கு அந்தச் செயலியை அடையாளம் தெரியாது. சில பலகைகளில் செயலி இல்லாமலே யுஎஸ்பி வழியாகப் பயோசைப் புதுப்பிக்கும் பொத்தான் இருக்கிறது. இல்லையென்றால், பழைய செயலி வைத்திருக்கும் கடையில் புதுப்பிக்கச் சொல்லலாம். செயலி விளக்கு தொடர்ந்து எரிந்தால், முனைகள் வளைந்துள்ளனவா என்றும் பார்க்க வேண்டும். ஏஎம்4இல் முனைகள் செயலியின் அடியில் இருக்கும், ஏஎம்5இலும் இண்டெலின் எல்ஜிஏ1700இலும் பலகையின் குழியில் இருக்கும்.

படி 6: பழைய வரைகலை அட்டை

2022 செப்டம்பரில் எத்தீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டதால், வரைகலை அட்டை கொண்டு அதைத் தோண்டும் தொழில் நின்றது. அதில் உழைத்த அட்டைகள் பழைய பொருள் சந்தைக்கு வந்தன. அவற்றுள் சிலவற்றில் தோண்டுவதற்காக அட்டையின் பயோசே மாற்றப்பட்டிருந்தது. அத்தகைய அட்டை படம் காட்ட மறுக்கலாம். சில மாதிரிகளில் பக்கவாட்டில் ஒரு சிறு விசை இருக்கும். கணினியை அணைத்துவிட்டு அதை மறுபக்கம் தள்ளிப் பாருங்கள். பழைய அட்டை வாங்குவோர், ஓடிக்கொண்டிருக்கும் நிலையில் பார்த்து வாங்குவதே அறிவு.

படி 7: பெட்டிக்கு வெளியே

இத்தனைக்கும் பிறகும் இருள் நீங்காவிட்டால், தாய்ப்பலகையை வெளியே எடுத்து அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் வையுங்கள். செயலி, அதன் விசிறி, ஒரு நினைவகம், வரைகலை அட்டை, மின்வழங்கி ஆகியவை மட்டும் போதும். இப்போது படம் வந்தால் குறை பெட்டிக்குள் இருக்கிறது. பலகையைத் தாங்கும் பித்தளைத் தாங்கி ஒன்று தவறான இடத்தில் நின்று, பலகையின் அடிப்புறத்தை உரசிக் குறுக்குச்சுற்று ஏற்படுத்தியிருக்கலாம். இப்போதும் படம் வரவில்லையென்றால், நண்பரிடம் உள்ள, இதே பலகைக்குப் பொருந்தும் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிச் சோதியுங்கள். எந்தப் பாகம் மாறியதும் திரை ஒளிர்ந்ததோ, அதுவே பழுதானது.

கடைக்குப் போகும்போது

பழுதான பாகம் தெரிந்த பிறகு கடைக்குச் செல்லுங்கள். ரசீது, பெட்டி ஆகியவற்றோடு ஒரு தாளும் கொண்டுபோங்கள். எந்த விளக்கு எரிந்தது, எதை எந்த வரிசையில் மாற்றினீர்கள், என்ன நடந்தது என்று தேதியிட்டு அதில் எழுதியிருக்க வேண்டும். "ஓட மாட்டேங்குது" என்று மட்டும் சொல்பவருக்குக் கிடைக்கும் பதில் வேறு, அந்தத் தாளை நீட்டுபவருக்குக் கிடைக்கும் பதில் வேறு. உத்தரவாதக் காலத்தில் உங்கள் பணத்தைக் காப்பது அந்தத் தாள்தான். உங்களுக்குப் பின் விடுதிக்கு வரும் தம்பி தங்கையருக்கும் அதை விட்டுச் செல்லலாம்.