இடப்பக்க மூலையில் ஒரு பொத்தான்

நுழையும்முன்

நாள்தோறும் கையாளும் கருவியின் தோற்றத்தை அதனைப் படைத்தவர்கள் மாற்றும்போது, பயன்படுத்துவோர் முணுமுணுக்கின்றனர். அது புதுமையைக் கண்டு எழும் அச்சமா? உழைத்துச் சேர்த்த திறன் ஒன்று கைநழுவியதன் வருத்தமா? கணினி இயங்குதளத்தின் முகம் மாறியபோது எழுந்த எதிர்வினைகளைப் பெரம்பலூர், அரியலூர் வட்டாரப் பட்டறிவோடு இணைத்துப் பார்க்கிறது இவ்வுரைநடைப் பகுதி.

ஓராண்டில் பிறந்தவை

பெரம்பலூர் மாவட்டமும் கணினித் திரையின் 'தொடக்கப் பொத்தானும்' ஒரே ஆண்டில் பிறந்தவை. திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்து பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995ஆம் ஆண்டில். அதே ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 95 என்னும் இயங்குதளத்தை வெளியிட்டது. திரையின் அடியில் ஒரு பணிப்பட்டை. அதன் இடப்பக்க மூலையில் ஒரு பொத்தான். அதனை அழுத்தினால் கணினியில் உள்ள நிரல்கள் அனைத்தும் பட்டியலாக விரியும். கணினியை நிறுத்துவதற்கும் அங்கேதான் செல்ல வேண்டும். 'நிறுத்துவதற்குத் தொடக்கத்தை அழுத்துவதா?' என்று அன்று உலகமே நகைத்தது. நகைத்தவர்களின் கைகளும் சில திங்களில் அதற்குப் பழகிவிட்டன.

அப்பொத்தான் உருவான விதம் அறியத்தக்கது. முதல் வடிவத்தில் அவ்விடத்தில் மூன்று பொத்தான்கள் இருந்தன. அவை காலப்போக்கில் ஒன்றாக இணைக்கப்பட்டன. பின்னர்ப் பொதுமக்களை அழைத்துச் சோதித்தபோது, கணினி இயங்கத் தொடங்கியதும் அவர்களுள் பலர் அடுத்து என்ன செய்வதென்று அறியாமல் திரையைப் பார்த்தபடியே அமர்ந்திருந்தனர். அந்தத் திகைப்பைக் கண்ட பின்னரே பொத்தானின்மீது 'தொடங்கு' என்னும் பொருள்தரும் சொல் எழுதப்பட்டது. கணினியை அறியாதவர்களின் தயக்கமே அப்பெயரை ஈன்றது எனலாம்.

மனிதருக்கும் இயந்திரத்துக்கும் இடையே நின்று, ஒருவர் சொல்வதை மற்றதற்கு உணர்த்தும் பகுதியை 'இடைமுகம்' என்கிறோம். பொருத்தமான சொல் அது. பழகிய முகம் திடீரென மாறினால் வீட்டு நாயும் குரைக்கத்தான் செய்யும்.

கையின் நினைவு

ஜெயங்கொண்டம் பகுதியில் தறிக்குழியில் அமர்ந்து நெய்யும் நெசவாளி, தம் கால் மிதியைக் குனிந்து பார்ப்பதில்லை. கண் பாவின்மீது இருக்க, கால் தன் வேலையைத் தானே செய்கிறது. தொடக்க நாள்களில் அவரும் பார்த்துப் பார்த்துத்தான் மிதித்திருப்பார். ஆண்டுக்கணக்கான உழைப்பு அப்பார்வையை வேண்டாததாக ஆக்கிற்று. கணினியில் பணியாற்றுவோரின் கையும் அத்தகையதே. வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அருகே சிறு கடை வைத்து, சாதிச் சான்றுக்கும் பட்டா மாறுதலுக்கும் விண்ணப்பம் அடித்துத் தரும் ஒருவர், வந்தவரிடம் ஊர்ப்பெயரைக் கேட்டுக்கொண்டே சுட்டியை மூலைக்கு நகர்த்துகிறார். அவர் மூலையைத் தேடுவதில்லை. கைக்கு அது தெரியும். அக்கை தெரிந்து வைத்திருப்பதுதான் அவரது முதலீடு. ஒரு நாளில் எத்தனை விண்ணப்பங்களை முடிக்கலாம் என்பதை அதுவே முடிவு செய்கிறது.

2012ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் வெளிவந்த விண்டோஸ் 8 பதிப்பில் அம்மூலை வெறுமையாக இருந்தது. பதினேழு ஆண்டுகள் நிலைத்திருந்த பொத்தான் நீக்கப்பட்டிருந்தது. கணினி இயங்கியதும் வண்ண வண்ணக் கட்டங்கள் நிறைந்த ஒரு முழுத்திரை தோன்றிற்று. பழைய முகப்புத்திரைக்குச் செல்லும் வழியும் ஒரு கட்டமாகவே அதனுள் இருந்தது. திரையின் வலப்பக்க மூலைக்குச் சுட்டியைக் கொண்டுசென்றால் மட்டுமே வெளிப்படும் பட்டை ஒன்றில், 'அமைப்புகள்' என்பதற்குள் கணினியை நிறுத்தும் கட்டளை இருந்தது. கண்ணுக்குத் தெரியாத கதவைத் தடவித் திறப்பது போன்ற ஏற்பாடு.

மாற்றியவர்களிடம் காரணம் இல்லாமலில்லை. 2010இல் ஐபேடு வெளிவந்தபின் தொடுதிரைக் கருவிகள் பெருகின. விரலுக்கும் சுட்டிக்கும் ஒரே முகம் போதும் என்று அவர்கள் எண்ணினர். பயனர்களின் கணினிகளிலிருந்து திரட்டிய தரவுகளும் அவர்கள் கையில் இருந்தன. அடிக்கடி வேண்டும் நிரல்களைப் பலர் பணிப்பட்டையிலேயே பதித்துக்கொண்டதால், தொடக்கப் பட்டியலைத் திறப்பது குறைந்துவருவதாக அவை காட்டின. இங்கேதான் ஒரு பிழை நேர்ந்ததாகத் தோன்றுகிறது. ஒரு பொருளை எத்தனை முறை தொடுகிறார்கள் என்று எண்ணிவிடலாம். வழி தவறியவர் திரும்பிவந்து நிற்கும் இடமாக அது இருப்பதை எந்த எண்ணிக்கையும் சொல்லாது. ஊர் எல்லையில் நிற்கும் வழிகாட்டிக் கல்லை நாள்தோறும் படிப்பவர் யார்? அதற்காக அதனைப் பிடுங்கிவிடுவாரும் இல்லை.

இரண்டு மடிக்கணினிகள் உள்ள வீடு

தமிழ்நாட்டில் இம்மாற்றம் தனித்ததொரு சூழலில் வந்தது. 2011 செப்டம்பர் 15ஆம் நாள் திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்பில் பயின்றோர்க்கு மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. தொடக்கத்தில் வந்தவற்றில் விண்டோஸ் 7 இயங்குதளமும், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்னும் லினக்ஸ் இயங்குதளமும் சேர்ந்தே இருந்தன. மானாவாரி நிலமும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் வாழ்வாதாரமான பெரம்பலூர்ச் சிற்றூர்களிலும், சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்டு ஆலைகளும் சூழ்ந்த அரியலூர்ச் சிற்றூர்களிலும், பல வீடுகளுக்குள் நுழைந்த முதல் கணினி அதுவே.

முதல் தலைமுறைப் பயனருக்குப் பழைய பழக்கம் ஏது, ஆகவே மாற்றம் அவரைத் தொடாது என்று கருதுவது இயல்பு. நடைமுறை வேறாக இருந்தது. அத்தகைய வீட்டில் கணினி ஆசிரியர் என்பவர் அக்காவோ அண்ணனோதான். அக்கா கற்றதைத் தம்பிக்குச் சொல்வாள். சில ஆண்டுகள் கழித்துத் தம்பியின் கைக்கு வரும் கணினியில் வேறொரு பதிப்பு இருக்கும். 'மூலையில் உள்ளதை அழுத்து' என்று அக்கா சொல்ல, 'அங்கே ஒன்றுமில்லை அக்கா' என்பான் அவன். நகரத்து மாணவருக்கு உதவப் பயிற்சி மையம் உண்டு. தெரிந்த பொறியாளர் உண்டு. இவனுக்கு அக்காவை விட்டால் வேறு துணையில்லை. அவள் அறிவு ஒரே இரவில் பழையதாகிவிட்டது என்பதே அவ்வீட்டின் இழப்பு.

கடைக்காரர் ஒருவர் என்னிடம் சொன்ன நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. புதிய பதிப்பு நிறுவப்பட்ட முதல் நாள் மாலை, கணினியை எப்படி நிறுத்துவது என்பது அவருக்குப் பிடிபடவில்லை. வாடிக்கையாளர் முன்னிலையில் கேட்கவும் கூச்சம். எல்லாரும் சென்றபின் மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டு வீட்டுக்குப் போனாராம். ஒரு கிழமை அப்படியே நடந்திருக்கிறது. 'இருபது வருடம் இதே வேலை செய்கிறேன் ஐயா, விளக்கை அணைக்கத் தெரியாதவன் மாதிரி ஆகிவிட்டேன்' என்றார். அவர் கணினியைக் குறைகூறவில்லை; தம்மையே குறைகூறிக்கொண்டார். இத்தகையோரின் எதிர்வினை எந்தக் கருத்துக்கணிப்பிலும் பதிவாவதில்லை.

உரத்துச் சொல்ல முடிந்தவர்கள் சொன்னார்கள். பழைய பட்டியலை மீட்டுத்தரும் துணைநிரல்களைப் பிறர் எழுதி வெளியிட, அவற்றை உலகெங்கும் ஏராளமானோர் நிறுவிக்கொண்டனர். 2013 அக்டோபரில் வந்த 8.1 பதிப்பில் பொத்தான் திரும்பியது. ஆனால் அழுத்தினால் அதே கட்டத்திரைதான். கேட்டது பட்டியல், கிடைத்தது படம். 2015 சூலை 29ஆம் நாள் வெளிவந்த விண்டோஸ் 10இல்தான் பட்டியலும் முறையாக மீண்டது.

அரியலூர் மக்களுக்கு இவ்வகைப் போக்குவரத்து புதிதன்று. 2001ஆம் ஆண்டு சனவரியில் பெரம்பலூரிலிருந்து பிரிந்து அரியலூர் தனி மாவட்டமாயிற்று. 2002இல் மீண்டும் பெரம்பலூரோடு இணைக்கப்பட்டது. 2007 நவம்பர் 23ஆம் நாள் மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. ஜெயங்கொண்டத்திலிருந்து மனுவோடு புறப்பட்டவர் அரியலூரில் இறங்குவதா, அதனைத் தாண்டி மேற்கே பெரம்பலூர் வரை செல்வதா என்பது ஆண்டைப் பொறுத்து மாறியது. ஆட்சியமைப்பின் வரைபடமும் ஓர் இடைமுகமே. அதனை மாற்றும்போது பேருந்துக் கட்டணத்தையும் ஒரு நாள் கூலியையும் செலுத்துபவர் வரைந்தவர் அல்லர்.

மாற்றிக்கொள்ளும் உரிமை

கட்டற்ற மென்பொருள் உலகிலும் இதே காலத்தில் இதே பூசல் எழுந்தது. 2011 ஏப்ரலில் லினக்ஸ் கணினிகளுக்கான குனோம் இடைமுகத்தின் மூன்றாம் பதிப்பு பெருமாற்றங்களுடன் வந்தது. அதே திங்களில் உபுண்டு இயங்குதளம் 'யூனிட்டி' என்னும் புதிய முகத்தை ஏற்றது. இரண்டையும் பலர் விரும்பவில்லை. ஆனால் அங்கே எதிர்வினை வேறு வடிவம் கொண்டது. மூலநிரல் எவரும் எடுத்தாளக் கிடைத்தமையால், அர்ஜென்டினாவைச் சேர்ந்த பயனர் ஒருவர் குனோமின் பழைய பதிப்பிலிருந்து கிளை பிரித்து 'மாத்தே' என்னும் இடைமுகத்தைத் தொடங்கினார். அவர் நாட்டினர் விரும்பிப் பருகும் ஒரு பானத்தின் பெயர் அது. இன்றும் அம்முகத்தோடு லினக்ஸைப் பயன்படுத்துவோர் பலர். யூனிட்டியை உபுண்டுவே 2017இல் கைவிட்டது. அடுத்த ஆண்டு வெளிவந்த நம் மாநிலப் பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல், விண்டோசையும் உபுண்டுவையும் சேர்த்தே கற்பிக்கிறது. ஒரு முகத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர்க்கும் இரு முகங்களைக் கண்டவர்க்கும் வேறுபாடு உண்டு என்பதை ஆய்வகத்தில் எளிதில் காணலாம்.

தமிழருக்கு இதனினும் பெரிய ஒப்புமை கைவசம் உள்ளது. ணா, றா, னா, லை, ளை முதலிய பதின்மூன்று எழுத்துகளின் வடிவம் 1978ஆம் ஆண்டு அரசாணையால் மாறியது. பெரியார் 1935 முதல் தம் இதழில் கையாண்ட வடிவங்கள் அவை. ஒரு மொழியின் முகமே திருத்தப்பட்டதெனினும் படிப்போர் தடுமாறவில்லை. பழைய எழுத்தை அறிந்தவர் புதியதை உடனே படிக்க முடிந்தது. பழைய வழக்கில் எழுதிய பெரியவர்களின் கடிதங்களை எவரும் திருப்பி அனுப்பவுமில்லை. துதிக்கை போல் வளைந்த 'லை'யை என் பாட்டனார் இறுதிவரை எழுதினார்.

விசைப்பலகையில் அவ்வளவு எளிதாக நடக்கவில்லை. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டையொட்டித் 'தமிழ்99' விசைப்பலகை ஏற்பிசைவு பெற்றது. உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் வலக்கையிலும் அமைந்த, கற்க எளிதான வடிவம் அது. ஆயினும் தட்டச்சுப் பொறியில் விரல் தேர்ந்தவர்கள் பழைய அமைப்பை விடவில்லை. அவர்களைப் பிற்போக்கர் என்று சொல்வது எளிது. தட்டச்சுத் தேர்வில் வென்று, அவ்வேகத்தாலேயே பணி பெற்றவர்கள் அவர்கள். வேகத்தை இழந்து மீண்டும் மாணவராவதற்கான காலத்தையும் ஊதியத்தையும் யார் தருவார் என்னும் கேள்விக்கு விடை கிடைக்காதவரை, அவர்கள் மறுத்ததில் நேர்மை இருந்தது. தமிழ் உள்ளீட்டு மென்பொருள்கள் இரு அமைப்புகளையும் வைத்திருப்பது அந்த நேர்மைக்குக் கிடைத்த இடம்.

நடுவுக்கு வந்த பொத்தான்

ஆய்வகத்தில் இப்போது வேறொரு காட்சியைக் காண்கிறேன். கைப்பேசியிலேயே உலகத்தைக் கற்ற மாணவர்கள் மேசைக் கணினியின் முன் அமர்ந்ததும் திரையை விரலால் தொடுகிறார்கள். படம் நகராதது கண்டு வியக்கிறார்கள். 2012இல் கட்டத்திரையை வரைந்தவர்கள் இத்தலைமுறையை முன்கூட்டியே கண்டார்கள் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பிழை, விரலுக்கு உரியதைச் சுட்டியின்மீது ஏற்றியதிலும், பழைய வழியை அடைத்துவிட்டுப் புதியதைத் திறந்ததிலும் இருந்தது. இரு வழிகளும் சில ஆண்டுகள் அருகருகே இருந்திருந்தால் அக்காவும் தம்பியும் வெவ்வேறு வழியில் சென்று ஒரே இடத்தில் சந்தித்திருப்பர்.

2021 அக்டோபர் 5ஆம் நாள் வெளிவந்த விண்டோஸ் 11இல் தொடக்கப் பொத்தான் மூலையை விட்டுப் பணிப்பட்டையின் நடுவுக்கு நகர்ந்தது. இம்முறை அதனை மீண்டும் இடப்பக்கம் நகர்த்திக்கொள்ள அமைப்புகளில் வழி வைத்திருக்கிறார்கள். சென்ற வாரம் மாணவியர் இருவரின் செய்முறைக் குறிப்பேடுகளைத் திருத்தினேன். இருவருக்கும் நான் சொல்லியெழுதிய முதல் வரி, 'திரையின் இடப்பக்க மூலையில் உள்ள பொத்தானை அழுத்துக' என்பது. ஒருத்தி 'இடப்பக்க மூலையில்' என்பதை அடித்துவிட்டு, மேலே பென்சிலால் 'நடுவில்' என்று எழுதியிருந்தாள். மற்றவள் தன் கணினியில் பொத்தானை மூலைக்கே நகர்த்திவிட்டு, என் வரியை அப்படியே விட்டிருந்தாள். இருவருக்கும் முழு மதிப்பெண் இட்டேன்.